ஓட்டைக் கொத்தனார்

சங்கரன்கோவிலில் சுவர் எழுப்பத் தெரிந்த கொத்தனார்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. எழுப்பிய சுவரைக் கண்டதும் ஓட்டை போடக் கை துறுதுறுக்கிற கொத்தனார் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். ஊரே அவரை ஓட்டைக் கொத்தனார் என்றுதான் சொல்லும்.

வீட்டுக்குள் வந்ததும் ஒரு பீடியைப் பற்றவைப்பார். அதைக் குடிக்கமாட்டார். மூலைக்கு மூலை நின்று, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். புகை நகராத இடத்தில் உளி இறங்கிவிடும். மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் வீட்டில் பூஜை அறையைக்கூட விடவில்லை.

"வே, விளக்கு நிக்கமாட்டேங்குது வே!"

"விளக்கு கிடக்கட்டும் அண்ணாச்சி. சாமிக்குப் புழுங்காதுல்லா?"

எண்பதாம் வருடத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நெசவாளர் தெருவில் நெருக்கியடித்த வீடுகளுக்கு நடுவே என் வீடு. தலைப்பிரசவத்துக்கு வாசுதேவநல்லூர் போன என் மனைவி, பிள்ளையைப் பார்க்கப் போன என்னிடம் சொல்லிவிட்டாள்: "அந்த இட்லிக் கொப்பரைக்குள்ள என் பிள்ளையக் கொண்டுவர மாட்டேன்."

வெள்ளையடித்தால் மனசு மாறுவாள் என்று நினைத்து ஆள் தேடினேன். வேலை இல்லாமல் இருந்தவர் இவர் ஒருவர்தான். ஏன் என்று யோசித்திருக்கவேண்டும்.

நூல் வாங்கப் போய்விட்டு வந்து பார்த்தால், சுவர்கள் அப்படியே அழுக்காக நின்றன. சுண்ணாம்பு முழுவதும் மொட்டைமாடித் தரையில் கண்ணைப் பறித்தது.

"அண்ணாச்சி, சுவரு..."

"சுவத்துல அடிச்சா உன் மாமியா பாப்பா. மேல அடிச்சா சூரியன் பாத்துட்டுத் திரும்பிப் போயிருவான். ரெண்டு பேருல யாருக்குலே பயப்படுத?"

இரண்டு பேருக்கும்தான்.

மறுநாள் கூரையையே துளைத்துவிட்டார். "மூணு பக்கமும் அடுத்தவன் சுவரு. ஆகாசத்துல எவன்லே சுவரு கட்டியிருக்கான்?" என்றார். ஓட்டைக்கு மேல் ஆள் உயரத்துக்கு ஒரு கூண்டு கட்டி, மலைக்காற்று வரும் மேற்கைப் பார்த்து வாய் வைத்தார். காற்று குதித்து இறங்கியது. தறியில் இழைகள் படபடவென்று அறுந்தன. காய்ந்த காற்று பட்டால் இழை நிற்காது. அதனால்தான் எங்கள் தெருவில் சன்னலையே சாத்தி வைத்திருப்பார்கள்.

"அண்ணாச்சி, இழை பூரா அறுந்துபோச்சு" என்றேன். அவரை எதிர்த்து நான் பேசியது அவ்வளவுதான்.

அறுந்த இழையை விரலில் உருட்டியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் அகலவாய் மண்தொட்டி ஒன்றைத் தலையில் சுமந்து வந்து, ஓட்டைக்கு நேர் கீழே வைத்துத் தண்ணீர் நிரப்பினார்.

"இனிமே காத்து குளிச்சிட்டுத்தான் உன் தறிக்கு வரும்."

ஈரக்காற்றில் இழை நின்றது.

வெள்ளையடிக்கிறேன் என்று நான் எழுதிய கடிதத்தை நம்பி, அந்த வாரமே மாமியார், மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு உச்சிவெயிலில் வந்து இறங்கினார். அண்ணாந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, இடி விழுந்துட்டா? சுவரு வேற அழுது வடியுது. ஏட்டி, பைய எடு. அடுத்த பஸ்ஸுக்குப் போவோம்."

என் மனைவி பையை எடுக்கவில்லை. பஸ் முழுக்கக் கத்திக்கொண்டு வந்த பிள்ளை, தொட்டிப் பக்கம் வந்ததும் அழுகையை நிறுத்தியிருந்தான். பாயை விரித்துக் கிடத்தினாள்.

"நீ போம்மா. நாங்க இங்கனயே கிடக்கோம்."

சாயங்காலம் கொத்தனார் வந்தார். நாலு தெருவுக்குக் கேட்கிற குரல் அவருக்கு. வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர், "தூங்குதானா?" என்று காற்றாகக் கேட்டார். தலையாட்டினேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் கேட்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.

அவர் முக்கு திரும்பும்வரை நான் வாசலைவிட்டு நகரவில்லை.