டேப்பு அத்தை கட்டிக் கொடுத்த பெட்டி

டேப்பு அத்தையைப் போல வாய் கெட்ட மனுஷி திருத்தங்கலில் அதற்கு முன்னும் பிறந்ததில்லை, இனியும் பிறக்கப் போவதில்லை. பழுப்பு நிற ஒட்டுடேப்பை அவளைப் போல நம்பிய மனுஷியும் கிடையாது. சாமியை நம்புகிறவர்களுக்குக்கூட எப்போதாவது ஒரு சந்தேகம் வரும். அத்தைக்கு டேப்பு மேல் ஒருநாளும் வந்ததில்லை.

பட்டாசுக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை. காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். மற்ற பெண்கள் வளையல் போடுகிற இடத்தில் அத்தையின் கையில் டேப்பு ரோல் ஏறி உட்கார்ந்திருக்கும். எங்கள் காம்பவுண்டில் எங்களுக்கு அடுத்த வீடு. யாருக்கும் ரத்த உறவு கிடையாது, எல்லாருக்கும் அத்தை. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். கார்டு கிழியக் கூடாது என்று அதன் மேலும் டேப்பை ஒட்டி வைத்திருந்ததால் அதைப் படித்தவர் யாருமில்லை.

ஓட்டை வாளிக்கு டேப்பு. பிய்ந்த செருப்புக்கு டேப்பு. எதிர்வீட்டுக் கோழிக்குக் கால் ஒடிந்தபோது அதற்கும் டேப்பு. கோழி கொஞ்ச நாள் விறைப்பாக நடந்து, பிறகு நன்றாகவே தேறிவிட்டது. காம்பவுண்டுக்கு ஒரே ஒரு குழாய். யாரோ அதைச் சரியாக மூடாமல் போகிறார்கள் என்று ஒரு நாள் காலையில் குழாயையே டேப்பால் சுற்றிவிட்டாள். குடத்தோடு வந்தவர்கள் எல்லாம் கத்தினார்கள்.

"கொழாயில என்னத்துக்கு அத்தை டேப்பச் சுத்துனீக?"

"மூடத் தெரியாத ஆளுகளுக்குத் தெறக்க மட்டும் என்னத்துக்குத் தெரியணும்?"

அன்றைக்கு அந்தக் காம்பவுண்டில் யாரும் நேரத்துக்கு வேலைக்குப் போகவில்லை. அத்தை மட்டும் போனாள். தண்ணீரை அதற்கு முன்பே பிடித்து வைத்திருந்தாள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்த நேரம் அது. எனக்குப் பூனாவில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு இடம் கிடைத்தது. எங்கள் பக்கத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் எந்தச் சுவரில் காலண்டர் தொங்கினாலும் அநேகமாக எங்களிடம் அச்சானதாக இருக்கும். எந்தத் தெருவில் தீபாவளிக்கு வெடித்தாலும் அநேகமாக எங்கள் சரக்காக இருக்கும். சரக்கை எத்தனை தூரம் வேண்டுமானாலும் அனுப்புவார்கள். பெண்ணை அனுப்புவதென்றால் மட்டும் சாத்தூர் தாண்டியதும் வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும்.

எங்கள் வீட்டில் அப்படிக் கலங்கிய வயிறு பெரியப்பாவுடையது. அப்பாவின் அண்ணன். பட்டாசுக் கம்பெனிகளுக்கு லேபிள் அச்சடித்து வாங்கிக் கொடுக்கிற ஏஜென்சி வைத்திருந்தார். அப்பா ஒரு பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் ஓட்டினார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே பெரியப்பாதான். அதனால் எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவரே முடிவு செய்தார்.

"கெமிஸ்ட்ரி படிக்க பூனாவுக்குப் போகணுமாக்கும்! நம்ம ஊரு மருந்து ரூமுல இல்லாத கெமிஸ்ட்ரியா?" என்றார். எங்கள் ஊரில் மருந்து என்றால் குடிக்கிறது இல்லை, வெடிக்குள் அடைக்கிறது. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அண்ணன் சிரித்தால் தம்பி சிரிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

சாத்தூரில் ஒரு மாப்பிள்ளையை அவர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். பேப்பர் கடைக்காரர் மகன். நான் நாலு நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகு பெரிய மனது பண்ணி ஒரு தீர்ப்புச் சொன்னார். "காலேஜுல சொன்ன கடைசித் தேதிக்குள்ள போய்ச் சேந்துட்டா படிக்கட்டும். சேரலையா, ஆவணியில கல்யாணம். பெறகு மூச்சு விடக் கூடாது." ரயிலில் இடம் கிடைக்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. எப்படியோ அப்பாவுக்கும் எனக்கும் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஒரு வண்டிதான். அதை விட்டால் கடைசித் தேதிக்குப் போய்ச் சேர முடியாது.

பயணத்துக்கு அப்பா யாரிடமோ ஒரு சூட்கேஸ் இரவல் வாங்கி வந்தார். அத்தை அதைக் காலால் தள்ளிப் பார்த்தாள்.

"இது பொட்டியாண்ணே? அப்பளம். தொட்டா நொறுங்கும். எடுத்துட்டுப் போங்க அங்கிட்டு."

மறுநாள் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது இரண்டு அட்டைப்பெட்டிகளோடு இறங்கினாள். வீட்டுக்குள் வந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்த ஊரு புள்ள?"

"பூனா அத்தை."

"மகாராஷ்டிரா லோடு. வழியெல்லாம் மழை. கெட்டியாக் கட்டணும்."

சீப்பிலிருந்து சோப்பு வரை எதையும் அவள் அம்மணமாகப் பெட்டிக்குள் விடவில்லை. ஊறுகாய் பாட்டிலுக்குச் சுற்றிய சுற்றில் கண்ணாடி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. என் தோள்பையில் இருந்த சர்டிபிகேட்டுகளையும் பிடுங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதையும் நாலு பக்கமும் சுற்றித் திரும்பத் தோள்பையிலேயே வைத்தாள்.

"அத்தை, அங்கன போய்ப் பிரிக்கணும்ல?"

"பிரிக்கிறது ஒம்பாடு. பிரியாமப் போய்ச் சேர்றது எம்பாடு."

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது மாதிரிச் சொன்னாள். "நாங் கட்டுன பொட்டி போகாத ஊரு கெடையாது. நாக்பூரு, கான்பூரு, பாட்னா. நாந்தேன் மதுரையத் தாண்டல. மதுரைக்குப் போனதும் பெரியாசுபத்திரிக்குத்தேன்." அவள் புருஷனைக் கம்பெனியிலிருந்து அங்கேதான் கொண்டு போனார்கள். திரும்பக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை. எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் விவரம் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

இங்கேதான் நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு கூத்துப் பண்ணினோம். அந்தப் பெட்டிகளின் நாலு பக்கமும் சரவெடி வெடித்துச் சிதறுகிற கலர் படம். தீப்பிடிக்கும், ஜாக்கிரதை என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் கொட்டை எழுத்து. எங்கள் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. எங்கள் பக்கம் வீடு மாறினாலும், கல்யாணச் சீர் போனாலும், பிரசவத்துக்குப் போகிறவள் துணிமணி போனாலும் வெடிப்பெட்டியில்தான் போகும். பிறந்ததிலிருந்து பார்க்கிற படத்தை யார் நின்று பார்ப்பார்கள்? திருத்தங்கலில் பஸ் ஏறினோம். கண்டக்டர், "பொட்டிய ஓரமாத் தள்ளி வைங்க" என்றார், அவ்வளவுதான். வழியனுப்ப அத்தையும் வந்தாள். வராமலே இருந்திருக்கலாம் என்று நான் நினைத்த பெரியப்பாவும் வந்தார்.

விருதுநகர் ஸ்டேஷனில் பிளாட்பாரத்துக்குள் நுழைந்ததும் ஒரு ரயில்வே போலீஸ்காரர் எங்களை நிறுத்தினார். நரைத்த மீசை, நிதானமான ஆள்.

"பெட்டியில என்ன?"

"துணிமணிதான் சார்" என்றார் அப்பா.

போலீஸ்காரர் படத்தைக் காட்டினார். அப்போதுதான் நாங்களும் அதைப் பார்த்தோம். வெடிக்கிற வெடியும் பறக்கிற நெருப்புமாகப் பெட்டி ஜெகஜ்ஜோதியாக இருந்தது. அவர் மூடியில் விரலை வைத்துத் தேய்த்தார். வெடிக்குப் போடுகிற அலுமினியப் பவுடர் ஒட்டி விரல் வெள்ளியாக மின்னியது.

"தெறங்க."

எங்கே திறக்க? அத்தை கட்டிய கட்டு. அப்பா நகத்தால் சுரண்டினார். போலீஸ்காரர் சாவியால் குத்திப் பார்த்தார். டேப்பு சிணுங்கக்கூட இல்லை. இத்தனை டேப்பு எதற்கு என்று அவருக்குச் சந்தேகம் இன்னும் ஏறிவிட்டது. அதற்குள் வண்டி வருகிறது என்று மைக்கில் சொன்னார்கள்.

"பெட்டிக்குச் சொந்தக்காரங்க யாரோ அவங்க எங்க ரூமுக்கு வாங்க. தெறந்து பாத்துட்டு அனுப்பிருவோம்" என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, அவர் வேலையை அவர் பார்த்தார். ஆனால் பெட்டியைத் திறப்பதற்குள் வண்டி மதுரையைப் பார்த்துப் போயிருக்கும்.

பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பெரிய ஆர்டர் பிடித்த அன்றைக்குக்கூட அப்படி ஒரு தெளிச்சி அதில் வந்ததில்லை.

"சரி தம்பி, எல்லாம் நல்லதுக்குத்தேன். அவசரப்படாம அவுக ரூமுக்குப் போ. சாத்தூருக்கு நான் போனப் போட்டுச் சொல்லிர்றேன்" என்று இடுப்பிலிருந்த செல்போன் பவுச்சைத் திறந்தார்.

அப்பா போலீஸ்காரருக்குப் பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தார். வண்டி வந்து நின்றுவிட்டது. அப்போது அத்தை நடுவில் புகுந்தாள்.

"பொட்டி எனது சார்."

"உள்ள என்னம்மா?"

"வெடி."

போலீஸ்காரர், "என்ன வெடி?" என்றார்.

"அம்புட்டு வெடியும்தேன். அணுகுண்டு, சரவெடி, புஸ்வாணம், சங்குச்சக்கரம்."

"அப்ப இவங்க யாரு?"

"யாரு கண்டா? செத்த நேரம் பொட்டியப் பாத்துக்கிடச் சொன்னேன், பாத்துக்கிட்டாக. பாவம், எந்த ஊரு ஆளுகளோ."

"அத்தை!" என்று நான் அலறிவிட்டேன்.

அவள் திரும்பிய வேகத்தைப் பார்க்க வேண்டும். "எவடி ஒனக்கு அத்தை? ஊரு பேரு தெரியாத கழுத, மொறை வச்சுக் கூப்பிடுது பாருங்க சார்! வண்டி நிக்கிதுல்ல? ஏறித் தொலடி!"

போலீஸ்காரர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தேம்பிக்கொண்டு நின்றதையும் பார்த்தார். அத்தனை வருஷ சர்வீஸில் இதைவிட நல்ல பொய்களை அவர் கேட்டிருப்பார். "டிக்கெட் இருக்கிறவங்க ஏறுங்க" என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏறாத தம்பி. நான் சொல்லுதேன்ல?" என்றார் பெரியப்பா.

அப்பா தன் ஆயுளில் முதல் முறையாக அண்ணன் பேச்சைக் கேட்கவில்லை. என்னைப் பிடித்து வண்டிக்குள் தள்ளினார், தானும் ஏறிக்கொண்டார். வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தை ஒரு வெடிப்பெட்டியின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து போலீஸ்காரரை ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

போட்டிருந்த ஒரே சுடிதாரோடு கடைசித் தேதியன்று கல்லூரியில் போய் நின்றேன். சர்டிபிகேட் கவரைப் பிரிக்க ஆபீஸ் கிளார்க் கத்தரிக்கோலோடு மல்லுக்கட்டினார். மராட்டியில் என்னென்னவோ திட்டினார். ஆனால் சேர்த்துக்கொண்டார்.

ஊரில் நடந்ததை அத்தையே பிற்பாடு நடித்துக் காட்டினாள். டேப்பைப் பிரிக்கவே போலீஸ்காரர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டதாம். கடைசியில் பாவாடையும் சோப்பும் ஊறுகாயும் வெளியே வந்ததும், "ஏம்மா, இந்த வயசுல பொய் சொல்லலாமா?" என்று கேட்டார்களாம்.

"நான் எங்க சார் பொய் சொன்னேன்? அந்த ஊறுகாயத் தின்னு பாருங்க, வெடிக்குதா இல்லையான்னு தெரியும்" என்றாளாம் இவள்.

விட்டுவிட்டார்கள். போலீஸ் விட்டது, கம்பெனி விடவில்லை. கம்பெனிப் பெட்டியை வெளியே கொண்டுபோய் ஸ்டேஷனில் கம்பெனி பெயரைக் கெடுத்துவிட்டாள் என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். புருஷனை எடுத்துக்கொண்ட கம்பெனி, இரண்டு காலி அட்டைப்பெட்டிக்குக் கணக்குப் பார்த்தது. யார் போய் அங்கே சொன்னது என்று எனக்குத் தெரியும். அந்தக் கம்பெனிக்கு லேபிள் கொடுத்துக்கொண்டிருந்தவர் யார் என்று உங்களுக்கும் தெரியும். பெரியப்பா இன்று பேரன் பேத்தி எடுத்துச் சௌக்கியமாக இருக்கிறார். பேத்தி பெங்களூரில் மேல்படிப்புப் படிக்கிறாள். "பொம்பளப் புள்ளைகள நாலு ஊருக்கு அனுப்பிப் படிக்க வைக்கணும்யா" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் கேட்டுக்கொண்டு காபி குடித்துவிட்டு வருகிறேன். என்னத்தைச் சொல்ல!

முதல் லீவுக்கு வந்தபோது அத்தை வீட்டுக்குப் போனேன். வீட்டிலேயே உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். கை முழுக்கப் பசை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுகுறதா இருந்தாத் தள்ளி உக்காந்து அழு. காகிதம் நனையுது" என்றாள்.

தள்ளி உட்கார்ந்து அழுதேன். அவள் பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிராமலே கேட்டாள்.

"எப்பப் போற?"

"வந்து ரெண்டு நாள்கூட ஆகல அத்தை."

"கேட்டதுக்குப் பதிலச் சொல்லு. எப்பப் போற?"

"பொங்கல் முடிஞ்சதும்."

"டிக்கெட்டு எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"ம்" என்றாள். அந்த "ம்"மில் அவளுக்கு அவ்வளவு நிம்மதி.

அத்தை இன்று இல்லை. இப்போதும் ஊருக்குப் போய் இறங்கினால், "எப்ப வந்த? எம்புட்டு நாள் இருப்ப?" என்று தெருவே வந்து விசாரிக்கிறது. பிரியமாகத்தான் கேட்கிறார்கள். எனக்குத்தான், யாராவது ஒருத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எப்பப் போற?" என்று கேட்கமாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கிறது.