மச்சானின் பாம்பும் எங்கள் பாம்பும்

ஹரோ,
வியாழக்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் இராசரத்தினம் அவர்களுக்கு,

நானும் உங்கள் தங்கை வசந்தமலரும் சுகம். வடக்கு லண்டன் எட்மண்டன் குளிரில் நீங்களும் மச்சாளும் தேக சுகத்தோடு இருக்கப் பிள்ளையார் துணை நிற்பாராக. போனில் நான் ஒரு வசனம் முடிக்குமுன் நீங்கள் மூன்று அறிவுரை சொல்லிவிடுவீர்கள் என்பதால் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மகன், எங்கள் மருமகன் றஜீவனின் புது பிளாற் வீட்டில் செல்லப்பிராணிக்கு அனுமதியில்லை என்று, போன ஞாயிறு அவனுடைய பாம்பைத் தலையணை உறையில் கட்டிக்கொண்டுவந்து தந்தீர்கள். எங்கள் மகள் சிவரூபினியும் அதேபோல விஷமில்லாத செம்மஞ்சள் பாம்பொன்றை ஐந்து வருடமாக வளர்ப்பது உங்களுக்கு வசதியாய்ப் போயிற்று. அவள் வேலைப் பயிற்சிக்கு லீட்ஸ் போகும்போது, "அப்பா, ரெண்டையும் ஒரே பெட்டியில விடாதேங்கோ. பாம்பு தனியத்தான் இருக்கும். ஒண்டா விட்டா ஸ்ட்ரெஸ். சிலவேளை ஒண்டை ஒண்டு விழுங்கியும் போடும்" என்று படித்துப் படித்துச் சொன்னாள். நீங்களோ, "பெரிய பெட்டிதானே, ஒண்டா விடும். வந்த புதுசில நாங்கள் ஒரு ரூமில எட்டுப் பேர் இருக்கேல்லையோ? பாம்புக்கு மட்டும் என்ன பவுசு?" என்றீர்கள். முப்பத்திரண்டு வருடமாக உங்கள் சொல்லைத் தட்டாதவன் நான். விட்டேன்.

செவ்வாய் பின்னேரம் இரண்டு பாம்புக்கும் இரண்டு எலி வைத்துப் பெட்டியை மூடினேன். புதன் காலை பார்த்தால் எலியும் இல்லை, பாம்பிலும் ஒன்றைக் காணவில்லை, மிஞ்சிய பாம்போ கலியாண வீட்டில் மூன்றாம் பந்தியிலும் இருந்து எழும்பியவர்போல வயிறு புடைத்துக் கிடக்கிறது. யார் யாரைத் தின்றார் என்றும் தெரியவில்லை, இரண்டும் ஒரே நிறம். "உங்கட அண்ணையின்ர பாம்புதான் எங்கட பிள்ளையின்ரயைத் திண்டிருக்கும்" என்று சொல்லிவிட்டேன், அது என் பிழைதான். வசந்தமலர் கரண்டியோடு வந்தாள். "எங்கட அண்ணை வீட்டுப் பாம்பு பட்டினி கிடந்தாலும் மற்றவையின்ர சோத்தில கை வைக்காது!" என்றாள். "பாம்புக்கு ஏதப்பா கை?" என்று கேட்டேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு கிடைக்கவில்லை. பிள்ளை வந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று பசியையும் மறந்து இருந்தேன்.

நல்லகாலம், பின்னேரம் வெந்நீர்ப் பொய்லர் அலுமாரியைத் திறந்தால், இருட்டில், சூட்டுக் குழாய்க்குப் பின்னால், செம்மஞ்சளாய்ச் சுருண்டு கிடக்கிறார்! பெட்டி மூடியில் நான் விட்ட இடைவெளியால் போயிருக்கிறார். தொடத் துணிவில்லாமல் கதவைச் சாத்தி, கீழ் நீக்கலைத் துவாயால் அடைத்து, உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்தேன். வசந்தமலர் இன்று காலை கதவடியில் நின்று, "ராசா, பயப்பிடாதை, அக்கா நாளைக்கு வந்திடுவா" என்று ஆறுதலும் சொன்னாள். எங்களுக்குள்ளும் சமாதானம்.

ஆகவே மச்சான், பாம்பு விடயத்தில் இனி உங்கள் ஆலோசனை வேண்டாம். உங்கள் பாம்பு பத்திரமாக இருக்கிறது. ஞாயிறு தவறாமல் வந்து கொண்டுபோங்கள், வரும்போது தனிப் பெட்டியும் கொண்டுவாருங்கள்.

மச்சாளுக்கு எங்கள் அன்பு. றஜீவனுக்குப் புது வீட்டில் சகல சௌபாக்கியமும் உண்டாகுக.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத மைத்துனன்,
குலசேகரம்

பி.கு.: வெள்ளி காலை. சிவரூபினி வந்து அலுமாரியைத் திறந்து பார்த்தாள். பெட்டியில் இருப்பது எங்கள் பாம்பு. அலுமாரியில் இருப்பது பழைய புல்வெட்டி மெசினின் செம்மஞ்சள் வயர். உங்கள் பாம்பைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடியாயிற்று. புதன் மத்தியானம் உங்கள் தங்கை அரியதரப் பலகாரம் சுட்டு, சூடு ஆறாமல் கம்பளியில் சுற்றி, வெம்பிளிக் கடைக்கார றூபனின் வான் வண்டியில் உங்களுக்கு ஒரு பை அனுப்பினாள் அல்லவா? அந்தப் பை செவ்வாய் இரவு முழுக்கப் பாம்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வாய் திறந்தபடி கிடந்ததாம். தயவுசெய்து மச்சாளை அதில் கைவைக்க விடவேண்டாம். இதற்குள் ஆறு தரம் போன் அடித்துவிட்டேன், அங்கே ஒருவரும் எடுக்கிறீர்கள் இல்லை.