மேலக்காவின் பையனுக்குக் காய்ச்சல்

"நாக்கை நீட்டு."

"அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீட்டுன்னா நீட்டுடா!"

போன் திரையில் ஒரு நாக்கு வந்து நின்றது. அது நீலமாக இருந்தது.

மேலக்கா போனை முகத்துக்குக் கிட்டே இழுத்தாள். "ஐயையோ, நீலம் பாரிச்சுக் கிடக்கே!"

"தொண்டைக்கு மிட்டாய் சப்பினேன்ம்மா. மிட்டாய்தான் நீலம். காலையில நான்..."

"பேசாதே. தொண்டை இன்னும் புண்ணாயிடும்."

கட்டட வேலை நடக்கும் அந்த இடத்தில் எல்லோருக்கும் அவள் மேலக்காதான். வேலை நேரம் முழுக்க அவள் இருப்பது மேலே, பெரிய கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள். அங்கிருந்தபடி விரல் நுனியால் அவள் விசையை அசைத்தால், இரும்புக் கம்பிக் கட்டு தூங்குகிற குழந்தையைப் படுக்கையில் போடுவது மாதிரி கீழே வந்து இறங்கும். கொஞ்சம் கை பிசகினாலும் கீழே நிற்பவன் வீடு போய்ச் சேரமாட்டான். அதனால் கூண்டுக்குள் இருக்கும்போது அவள் கோபப்பட மாட்டாள், அழமாட்டாள், தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வாள். அத்தனையையும் சேர்த்து வைத்துத் தரையில் காட்டுவாள்.

இன்றைக்குப் பார்த்து அவள் தரையில் இருந்தாள். காலையில் ஏணியில் கால் வைக்கப் போனவளைப் போர்மேன் மறித்துவிட்டார்.

"கிரேன்ல ஏதோ சத்தம் வருதும்மா. மெக்கானிக் வந்து பாக்கணும். இன்னிக்குக் கீழேயே இரு."

"என் கிரேன்லயா? என்ன சத்தம்?"

"கிர்ர்ருனு ஒரு சத்தம்."

எனக்குக் கேட்காத சத்தம் இவருக்கு எப்படிக் கேட்டது என்று அவள் முறைத்தாள். போர்மேன் போனை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். பத்து மணி வாக்கில் பையன் போன் செய்தான். வீட்டை விட்டுக் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு அவனுக்கு வந்த முதல் காய்ச்சல். அவன் அப்பாவோ லாரியை எடுத்துக்கொண்டு எங்கோ நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னால் ஏற்றிய சரக்கோடு லாரியைக் கல்லூரி வாசலுக்குத் திருப்பிவிடுவார். ஆகவே எல்லாம் இவள் தலையில்.

"ஆவி பிடி," என்றாள். "கெட்டில்ல தண்ணி கொதிக்கட்டும். போர்வையைத் தலையோட மூடிக்கோ. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் இறுக்கிச் சாத்து."

"அம்மா, இந்த ரூம் ரொம்பச் சின்னது..."

"பெத்தவ சொன்னா கேக்கணும்!"

கேட்டான். அறை முழுக்க ஆவி நிறைந்து, கூரையில் இருந்த புகை மணி அது நெருப்புதான் என்று முடிவு கட்டியது. விடுதி முழுக்க அலறியது. தலையில் ஷாம்பு நுரையோடு சிலர், ஒற்றைச் செருப்போடு சிலர், புத்தகத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பலர் எனப் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினார்கள். காய்ச்சல்காரன் போர்வையோடு வெட்டவெளியில் நின்றான்.

"காத்து படாம நில்லுடா!" என்றாள் மேலக்கா.

"மைதானத்துல காத்து படாம எப்படிம்மா நிக்கிறது?"

பையனுக்கு விடுதியில் கெட்ட பெயர் வந்துவிடுமே என்று அவளுக்குப் பதைத்தது. உடனே வார்டனுக்குப் போன் போட்டாள்.

"சார், அவன் மேல தப்பில்ல சார். நான்தான் ஆவி பிடிக்கச் சொன்னேன். பிள்ளைக்கு அனலாக் கொதிக்குது. நாக்கு வேற நீலமா..."

"நீலமா?" வார்டனின் குரல் மாறியது. "ஒட்டுவாரொட்டியா, மத்த பிள்ளைங்களுக்கும் தொத்துறதா இருக்கப் போகுதும்மா. நான் பாத்துக்கிறேன்."

அவர் பார்த்துக்கொண்ட விதம் சற்று நேரத்தில் தெரிந்தது. பையனின் போன் அணைந்து கிடந்தது. அவள் அவனுடைய அறைத்தோழனைக் கூப்பிட்டாள். எதைக் கேட்டாலும் பாதி பதில் மட்டும் சொல்லக்கூடியவன் அவன்.

"ஆன்ட்டி, அவனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"யாரு? எங்கே?"

"தெரியல ஆன்ட்டி. மாஸ்க் போட்டுக்கிட்டு வந்தாங்க. தலையணையையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"தலையணையா!"

"ஆமா ஆன்ட்டி. சார்ஜர் மட்டும் இங்கேயே கிடக்கு."

மேலக்கா சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தாள். எழுந்தாள். விறுவிறுவென்று போர்மேனிடம் போனாள். கை நடுக்கத்தை நிறுத்த முடியவில்லை. தூக்கித் தண்ணீர் குடித்தால் பாதி சட்டையில் கொட்டியது.

"ஏதாவது வேலை குடுங்க சார். சும்மா இருந்தா பைத்தியம் பிடிச்சிடும். நானே மேல ஏறி அது என்ன சத்தம்னு பாத்துட்டு வரேன்."

போர்மேன் நாற்காலியை இழுத்து ஏணிக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டார். "வேணாம்மா. அது ஆபத்தான சத்தம். டொக் டொக்குனு வருது."

"காலையில கிர்ருனு சொன்னீங்களே?"

"முத்திப் போச்சு," என்றார் போர்மேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இந்த ஆளோடு மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். "நான் கிளம்பறேன். பஸ் பிடிச்சா ராத்திரிக்குள்ள அவன் காலேஜுக்குப் போயிடுவேன்." வாசலை நோக்கி நடந்தாள். கேட்டைத் தாண்டும்போது போன் அடித்தது. வார்டனின் நம்பர்.

"அம்மா, நான்தான்," என்றான் பையன். "வார்டன் சார் போன்லேருந்து பேசறேன். தனி ரூம் குடுத்திருக்காங்க. இந்த ஒரு தடவை மட்டும் நான் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதே."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காலையில எழுந்ததும் உடம்பு சுட்டுச்சு. நானே கிளினிக்குக்குப் போயிட்டேன். ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. சாதாரணக் காய்ச்சல்தானாம். மாத்திரை போட்டாச்சு, சாப்பிட்டாச்சு, வகுப்புக்கு லீவு சொல்லியாச்சு. வேர்வையில நனைஞ்ச போர்வையைத் துவைக்கலாம்னு எடுத்தப்பதான் உனக்குப் போன் பண்ணினேன். நீ அதையே தலையில போத்திக்கச் சொல்லிட்டே."

"ஊசி போட்டாங்களாடா?"

"ம்."

ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்ட பிள்ளை அவன். இழுத்துப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும்.

"அழுதியா?"

"கொஞ்சம்," என்றான் நேர்மையாக.

அதன் பிறகு வார்டனே போனை வாங்கினார். "பயப்படாதீங்கம்மா, ஒட்டுவாரொட்டி இல்லைன்னு கிளினிக்ல கேட்டுட்டேன். இன்னொண்ணும் சொல்லணும். மணி அடிச்சதும் விடுதியே ஓடுச்சு. உங்க பிள்ளை கெட்டிலை அணைச்சு, ஜன்னலைத் திறந்துவிட்டுட்டுத்தான் வெளிய வந்தான். நேரா என்கிட்ட வந்து 'என்னாலதான் சார்'னு சொன்னான். அம்மா சொன்னதாலன்னு ஒரு வார்த்தை சொல்லல. நல்லா வளத்திருக்கீங்க."

மேலக்கா மூக்கை உறிஞ்சினாள். நேற்றுவரை காலுறையைத் தேடித் தரச் சொல்லிக் கத்திய பிள்ளை, தன் பாட்டுக்கு வளர்ந்து நிற்கிறான். ஆவி பிடி, மூடிக்கோ என்று கத்திக்கொண்டிருந்த தன்னை நினைத்து அவளுக்கு வெட்கமாகவும் வந்தது, சிரிப்பாகவும் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கை இப்போது நடுங்கவில்லை. போர்மேன் அவள் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். எழுந்து நாற்காலியை ஓரமாகத் தள்ளி, ஹெல்மெட்டை நீட்டினார்.

"சத்தம் நின்னு போச்சும்மா. ஏறிக்கோ."

"மெக்கானிக் வரவே இல்லையே? தானா எப்படி நிக்கும்?"

போர்மேன் அவசர வேலை வந்ததுபோல் நழுவினார். ஏணிக்குப் பக்கத்தில் நின்று தினமும் அவளுக்குக் கொடி காட்டுகிற சிக்னல்காரர் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்:

"கிரேனுக்கு ஒண்ணுமே இல்லக்கா, உங்க பையன்தான் விடியக்காலையிலேயே போர்மேனுக்குப் போன் போட்டு, 'எனக்குக் காய்ச்சல் சார், தெரிஞ்சா அம்மாவுக்குக் கை நடுங்கும், எப்படியாவது அவங்களைக் கீழேயே நிறுத்தி வைங்க, நிறுத்திட்டீங்கன்னு சொன்னப்புறம்தான் நான் அவங்களுக்கு விஷயத்தைச் சொல்லுவேன்'னு சொல்லிட்டான்."