ஐஸ் ஃபேக்டரி வரைக்கும்

பெருமதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

தங்கள் ஒரே தங்கை வணக்கம் சொல்லி எழுதும் மடல். இங்கு நானும் என் மகளும் சுகம். அங்கு தாங்களும், அண்ணியும், அலமாரியில் பெரிசு முதல் சிறிசு வரை தாங்கள் அடுக்கி வைத்திருக்கும் எடைக்கற்களும் சேதாரமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதினோரு மாதமாகத் தாங்கள் என்னோடு பேசவில்லை, போன் போட்டால் எடுப்பதில்லை என்பதால், நானும் மரியாதையாகத் 'தாங்கள்' போட்டே இக்கடிதத்தை எழுதி முடிப்பது என்று தீர்மானித்திருக்கிறேன். கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்றுதான். எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது.

தாங்கள் கடைசியாக என்னிடம் பேசியது தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். முப்பத்தெட்டு வயதில், கல்யாணம் என்ற பேச்சே எடுக்காமல், குழந்தை மட்டும் வேண்டும் என்று நானாக முடிவு செய்து, நானாக மருத்துவமனைக்குப் போய், கணவர் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, யாரென்றே தெரியாத ஒரு கொடையாளரின் புண்ணியத்தில் மூன்று மாதம் ஆகிவிட்டது என்பதை, சாதம் பரிமாறும் நேரத்தில் சொன்னது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அண்ணி கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். தாங்களோ ஒன்றுமே நடக்காத மாதிரி சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டில் விரல் விரலாகத் துடைத்து, "ஒத்தத் தட்டுல தராசு நிக்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். எடை அளவு ஆய்வாளர் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருப்பவர் வாயில் வேறென்ன வரும்? ஆனால் அண்ணா, மாசா மாசம் குழந்தைகள் டாக்டரிடம் பாப்பாவை எடை போடுகிறேனே, அந்த மெஷினில் ஒரே ஒரு தட்டுதான் இருக்கிறது. அது பாட்டுக்கு ஆறு கிலோ நானூறு என்று கூசாமல் காட்டுகிறது. ஓரத்தில் ஆய்வாளர் முத்திரை வேறு. குத்தினது தாங்களாகவே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

தனியாகச் சமாளிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு தடவை ஒரு சின்ன அசம்பாவிதம் நடந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் வேலை பார்க்கிற பல் செட்டு செய்யும் லேபில், விடுப்பில் இருந்தாலும் என்னை விட்டால் ஆளில்லை என்று முதலாளி அவ்வப்போது வீட்டுக்கே வேலையை அனுப்பிவிடுவார். முன்னறையில் ஜன்னலோரம் என் மேசை, மேசைக்குப் பக்கத்தில் தொட்டில், ஒரு கையில் அரம், ஒரு காலால் ஆட்டல் என்று ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கு முழு செட்டு, மேல் வரிசை கீழ் வரிசை இரண்டும், முத்துக் கோத்த மாதிரி செய்து முடித்து, ஒரு நீலப் பையில் போட்டுக் கதவுக் கொக்கியில் மாட்டினேன். பாப்பாவுக்கு மாற்றுத் துணி, பால் பாட்டில், கிலுகிலுப்பை எல்லாம் வைத்த பையும் நீலம்தான், அதுவும் அதே கொக்கியில்தான். டெலிவரிக்கு வந்தவர் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிஞ்சிய பையோடு நான் குழந்தைகள் டாக்டரிடம் போனேன். அங்கே பாப்பா ஈரமாக்கிவிட, துணியை எடுக்கலாம் என்று பையைக் கவிழ்த்தேன், அத்தனை பல்லும் டாக்டர் மேசையில் விழுந்து சிரித்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "பாப்பாவுக்கு ரெண்டு மாசந்தானேம்மா ஆவுது, என்ன அவசரம், தானா முளைக்கும்" என்றார். அதே நேரத்தில் பல் டாக்டர், நாற்காலியில் வாயைத் திறந்து காத்திருந்த நீதிபதி முன்னால், நம் பையைத் திறந்து கிலுகிலுப்பையை வெளியே எடுத்திருக்கிறார். நீதிபதி நல்ல மனுஷர். அதை வாங்கி இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தாராம்.

இதை யாரோ தங்களிடம் சொல்லி, தாங்கள் சிரித்ததாகக் கேள்வி. சிரிப்பு வந்ததும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டதாகவும் கேள்வி. யார் சொன்னார் என்று விசாரிக்க வேண்டாம். அண்ணி என்னோடு பேசுவதே இல்லை, அது சத்தியம். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகிறவர், காய்ந்து முடிகிற வரைக்கும் போனும் காதுமாக அங்கேயே நின்றால் அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

இப்போது ஒரு விஷயம். இது பாராட்டு அல்ல, தகவல் மட்டும். பாப்பாவைக் குளிப்பாட்ட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்தார், அது தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. முதல் நாள் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு, என்னை அறியாமல் முழங்கையை உள்ளே விட்டுச் சூடு பார்த்தேன். விரலால் இல்லை, முழங்கையால். அப்புறம் ஒன்று முதல் பத்து வரை எண்ணினேன். எண்ணி முடித்த பிறகுதான், இது யார் பழக்கம் என்று தோன்றியது. பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன், அரைக்கால் சட்டையோடு, அலுமினிய வாளிக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, முழங்கையை விட்டு, சத்தமாகப் பத்து வரைக்கும் எண்ணுவான். நான் பக்கத்தில் அம்மணமாக நின்று அவனோடு சேர்ந்து எண்ணுவேன், எனக்கு ஏழு வராது.

எல்லாம் அப்படியே இருக்கிறது அண்ணா. தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கும்போது மூன்று தட்டு, ஒரு தடவல், மூன்று தட்டு, ஒரு தடவல். அது நீ செய்தது. (தாங்கள் என்று எழுதி எழுதிக் கை வலிக்கிறது, இனி நீதான்.) அச்சகத்துக்கு மேல் நமக்கு இருந்த அந்த ஒற்றை அறை, கீழே மெஷின் ஓட ஆரம்பித்தால் தட்டு டம்ளர் எல்லாம் அலமாரியில் ஆடுமே, அது எல்லாம் எனக்கு மறக்கவே இல்லை. அப்பா இறந்தபோது எனக்கு ஒரு வயசு. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மதிய ஷிப்ட். உனக்குக் காலையில் பள்ளிக்கூடம். நீ உள்ளே வரும்போது அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பாள், என்னை அவள் இடுப்பிலிருந்து உன் இடுப்புக்கு மாற்றிவிட்டு ஓடுவாள். வாசலில் வைத்தே கைமாற்றல், இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச நேரமிருக்காது. என்னை மூட்டை என்று கூப்பிட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டே கணக்குப் போடுவாய். என் தலைக்கு வகிடு எடுத்துவிட்டு, நேராக இருக்கிறதா என்று அடிக்கோலை வைத்துப் பார்ப்பாய். இல்லையென்றால் கலைத்துவிட்டு மறுபடி. நீ பின்னால் எடை அளவு ஆய்வாளர் ஆனதில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை, முதல் முத்திரை என் மண்டையில்தான் குத்தினாய்.

பசங்க உன்னை 'ஆயா'ன்னு கூப்பிட்டாங்களாம். அம்மா போறதுக்கு முந்தின வருஷம்தான் என்கிட்ட சொன்னா. பந்து விளையாடக் கூப்பிட மாட்டாங்களாம், கூப்பிட்டாலும் நீ என்னையும் தூக்கிக்கிட்டுப் போய் கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்துல உட்கார வெச்சுட்டு ஆடுவியாம், பந்து என் பக்கம் வந்தா நீ பந்தைப் பிடிக்காம என்னைப் பிடிப்பியாம். உங்க டீம் ஜெயிச்சதே இல்லையாம். இதையெல்லாம் நீ ஒரு நாளும் என்கிட்ட சொன்னதில்ல. அதனாலதான் நீ அன்னைக்குக் கதவைச் சாத்தினப்போ எனக்கு அவ்வளவு கோபம். ஒரு பிள்ளையை ஒத்தை ஆளா வளர்த்துக் காட்டினவனே, முடியாதுன்னு சொல்றானேன்னு. இப்போ அஞ்சு மாசம் ஆனப்புறம்தான் எனக்கு உறைக்குது. அது எப்படி இருக்கும்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீதான். தெரிஞ்சதாலதான் பயந்திருக்கே. எனக்காகப் பயந்திருக்கே. அதைத் தராசுன்னு சொல்லாம, நேரா 'பயமா இருக்கு மூட்டை'ன்னு சொல்லியிருந்தா நான் ஒரு வாய் சோறாவது சாப்பிட்டுட்டுக் கிளம்பியிருப்பேன்.

மன்னிக்கவும். உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன். மறுபடி விஷயத்துக்கு வருகிறேன்.

பாப்பாவைத் தூங்க வைப்பதிலும் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. மதியம் ஒரு மணிக்கு அம்மாவின் பஸ் கிளம்பினதும் நான் ஊரைக் கூட்டுவேனே, அப்போது நீ என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தபடி, அம்மா இப்போ எங்கே போய்க்கிட்டிருக்கா என்று சொல்லுவாயே. "அம்மா ஏறிட்டா. டிக்கெட் வாங்கிட்டா. இப்போ தண்ணித் தொட்டி. ரெண்டு பேர் இறங்குறாங்க. இப்போ பொம்பளைப் பிள்ளைங்க ஸ்கூல். அம்மாவுக்கு உட்கார இடம் கிடைச்சிடுச்சு. இப்போ மரக்கடை. இப்போ ஐஸ் ஃபேக்டரி." தினமும் அம்மாவுக்கு மரக்கடைக்கு முன்னாலேயே உட்கார இடம் கிடைத்துவிடும். நிஜத்தில் அந்தப் பஸ்ஸில் நிற்கவே இடமிருக்காது என்று பெரியவளான பிறகுதான் தெரிந்தது. அதே பஸ்ஸைத்தான் நானும் ஓட்டுகிறேன். தண்ணித் தொட்டி, ஸ்கூல், மரக்கடை, ஐஸ் ஃபேக்டரி, அவ்வளவுதான், பாப்பா சொக்கிப்போய்விடுகிறாள். ஆகவே இதிலும் உன் உதவி தேவையில்லை.

வருகிற திங்கட்கிழமை நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். லேபுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைகள் காப்பகம் பார்த்திருக்கிறேன். வெளிச்சமான அறை, தரையெல்லாம் மெத்தை, செருப்பை வெளியே விடச் சொல்கிறார்கள். விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: 'தாயால் வர இயலாதபோது குழந்தையைப் பெற்றுக்கொள்ளும் இரண்டாவது பொறுப்பாளர்.' அதில் அடிக்கோல் வைத்து நேராக ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். காப்பகத்து மேடம் படித்துப் பார்த்துவிட்டு, உங்களைப் போலத் தைரியசாலியைப் பார்த்ததில்லை என்று சொல்லி, சேர்த்துக்கொண்டுவிட்டார். இத்துடன் என் தகவல்கள் முடிகின்றன. எனக்கு யாரும் வேண்டாம். நீயும் வர வேண்டாம்.

மூத்தவன் என்ற முறையில் ஆசீர்வாதம் மட்டும் அனுப்பி வை, அதற்கு எடைபோட வேண்டியதில்லை. முட்டிவலிக்கு மாடிப்படியைக் குறைத்துக்கொள். அண்ணிக்கு என் அன்பு. அவரோடு பேசி மாதக்கணக்காகிறது என்பதால் கடிதம் வழியாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தன்னந்தனியாக நலமாக இருக்கும் உன் தங்கை,
மூட்டை

பி.கு.: இந்தக் கடிதத்தை உன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்தது அண்ணிதான். நேற்று சாயங்காலம் மாடியிலிருந்து என்னோடு போனில் முக்கால் மணி நேரம் பேசினார். கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. மேடம் சேர்த்துக்கொண்டார் என்று எழுதியது பொய். கோட்டைப் பார்த்துவிட்டு விண்ணப்பத்தைத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டார். "தைரியமெல்லாம் சரிம்மா. உங்களுக்கு ஒண்ணுன்னா பாப்பாவை நாங்க யார் கையில குடுக்குறது?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அந்தக் கோட்டுக்கு மேலேயே உன் பெயரையும் நம்பரையும் எழுதிவிட்டேன், உன்னைக் கேட்காமல். உறவு என்ற இடத்தில் முதலில் 'குழந்தையின் மாமா' என்றுதான் எழுதினேன். அடித்துவிட்டு, 'என்னை வளர்த்தவர்' என்று எழுதினேன். தாளைத் திரும்பக் கொடுத்தாயிற்று, மேடம் இந்தப் புதன்கிழமை பதினோரு மணிக்கு உனக்கு போன் பண்ணுவார். எடு. ஆமா, நான்தான்னு சொன்னா போதும். தராசைப் பத்தி ஒண்ணும் பேசாதே.

கடைசியாக ஒன்று. பாப்பா சொக்கிப்போகிறாள் என்பதும் பொய்தான். ஐஸ் ஃபேக்டரி வந்ததும் நான் நின்றுவிடுகிறேன். அவள் தலையைத் தூக்கி, அடுத்தது என்ன என்கிற மாதிரி என்னைப் பார்க்கிறாள். எனக்குத் தெரியாது அண்ணா. ஒரு நாளும் நான் ஐஸ் ஃபேக்டரியைத் தாண்டினதில்லை, உன் தோளில் தூங்கிவிடுவேன். அம்மாவிடம் கேட்க அம்மா இல்லை. அந்தப் பஸ்ஸும் இப்போது ஓடவில்லை. மிச்ச வழி தெரிந்தவன் நீ ஒருத்தன்தான்.

ஐஸ் ஃபேக்டரிக்கு அடுத்த ஸ்டாப் எதுன்னு சொல்லேன். போன்ல வேண்டாம், நேர்ல வந்து சொல்லு. அவ இன்னும் முழிச்சுக்கிட்டுதான் இருக்கா.