நெதர்லாந்து மாப்பிள்ளை

2020ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி, புது தில்லியில் மத்திய அரசு ஐம்பத்தொன்பது செயலிகளுக்குத் தடை விதித்தது. அவற்றுள் ஒன்றில், பழங்காநத்தம் ராஜபாண்டியின் கரகாட்டம் அப்படியே நின்றுபோனது.

ஊரடங்கில் அவன் வேலை பார்த்த டைல்ஸ் கடை மூடிக் கிடந்த காலம் அது. அம்மாவின் நைட்டியை மாட்டி, முகத்தில் பவுடரை அப்பி, தலையில் பச்சை பிளாஸ்டிக் குடத்தை வைத்துக்கொண்டு குட்டி குட்டி வீடியோக்களாக ஆடித் தள்ளினான். 'அக்கா செம' என்று ஊர் பேர் தெரியாத ஆட்களெல்லாம் எழுதினார்கள்; சிலர் அந்த வீடியோவுக்குப் பக்கத்திலேயே தங்கள் ஆட்டத்தையும் ஒட்டி ஜோடி போட்டார்கள். தடை வந்தது; செயலி திறக்கவில்லை. அவனும் மறந்துவிட்டான்.

இப்போது அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் திருப்பரங்குன்றத்தில் டீச்சராக இருக்கும் சத்யப்ரியா. மாமனார் நல்லகாமன், ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. அவர் பல்லை ஊரில் யாரும் பார்த்ததில்லை. பூ வைத்த அன்று, "எங்க குடும்பத்துல கூத்தடிக்கிற ஆளு கெடையாது மாப்ள" என்று சொல்லிவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தார்.

வில்லங்கம் மச்சினன் சோணை வழியாக வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அவன் வேலைக்கு மலேசியா போகிறான். அங்கே அந்தச் செயலிக்குத் தடை இல்லை.

"ஒன் நம்பர அவன் சேவ் பண்ணியிருப்பான்ல?" என்று கேட்டான் அருள்பாண்டி. சிம்மக்கல்லில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பள்ளிக்கூடத் தோழன். "ஆப்பத் தொறந்ததும், 'இவரு ஒங்களுக்குத் தெரிஞ்சவரு'ன்னு அதுவா கொண்டாந்து காட்டும் பங்காளி. குடத்தோட."

ராஜபாண்டி கடை வாசலை எட்டிப் பார்த்தான். "கல்யாணமே நின்னுரும்டா. அழிச்சு விட்ரு."

"அழிக்கணும்னா உள்ள போகணும். உள்ள போகணும்னா வி.பி.என். போடணும். நீ சிம்மக்கல்லுல இருப்ப. ஒன் போனு மட்டும் வெளிநாட்டுல இருக்கேன்னு பொய் சொல்லும்."

"அரசாங்கம் தடை பண்ணதுடா. நான் போலீஸ்காரரு மருமகன்."

"இன்னும் ஆகல. கொண்டா போன."

இலவசமாகக் கிடைத்த நாடு நெதர்லாந்து. போட்டார்கள். செயலி அசையவில்லை.

"சிம்மு நம்ம ஊருதுன்னு மோப்பம் பிடிச்சுருச்சு" என்று அருள்பாண்டி சிம்மைக் கழற்றினான். கடை வைஃபையில் உடனே திறந்தது. ஆனால் உள்ளே நுழைய ஓ.டி.பி. கேட்டது. ஓ.டி.பி. வர வேண்டிய சிம் மேசைமேல் கிடந்தது. அதை எடுத்துத் தன் போனில் செருகினான் அருள்பாண்டி.

அதுவரைக்கும் காத்திருந்ததுபோல அந்தப் போன் அடித்தது. கட் பண்ணுவதாக நினைத்து அவன் பச்சையைத் தேய்த்துவிட்டு, இந்தப் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"நெதர்லாந்து போயிட்டியா, இல்லையா?"

"போயிட்டேன்டா! இங்க எல்லாம் அவுங்க பாஷையில இருக்கு, ஒரு எழவும் புரியல!"

"மாப்ள," என்றது போன். நல்லகாமனின் குரல். "நெதர்லாந்துலயா இருக்கீங்க?"

ராஜபாண்டி போனை வாங்கினான். "இல்ல மாமா... போகப் போறேன். கம்பெனி விஷயமா. டைல்ஸு."

"அப்ப இப்ப எங்க இருக்கீங்க?"

"சிம்மக்கல்லுல, அருள்பாண்டி கடையில."

"செல்போன் கடையில டைல்ஸா? சரி, வாரேன்." வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் சத்யப்ரியாவிடமிருந்து செய்தி வந்தது: 'நெதர்லாந்துல வேலையாமே? எங்கிட்டச் சொல்லவே இல்ல. அப்பா போன்ல பேசுறதக் கேட்டுட்டு அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடிச்சுட்டாங்க.'

அதற்கு என்ன பதில் எழுதுவதென்று யோசிப்பதற்குள் சோணை ஒரு படம் அனுப்பினான். கல்யாண பிளக்ஸ். கூலிங் கிளாஸ் போட்ட ராஜபாண்டி, பின்னால் ஒரு காற்றாலை. மேலே, 'நெதர்லாந்தே வியக்கும் எங்கள் மாப்பிள்ளை'. கீழே ஒரு கேள்வி: 'மச்சான், காத்தாடி போதுமா, இன்னும் ரெண்டு வைக்கவா?'

"அத விடு, ஓ.டி.பி. வந்துருச்சு" என்றான் அருள்பாண்டி.

கணக்கு திறந்தது. வரிசையாகக் குடங்கள். எல்லாப் பொத்தான்களும் டச்சு மொழியில் இருந்தன.

"செவப்பா இருக்குறத அமுக்கு. அழிக்கிறதுக்கு எல்லா ஊருலயும் செவப்புதான்."

அமுக்கினான். இருந்ததிலேயே மோசமான கரகாட்டம், நைட்டி காலில் சிக்கித் தடுமாறுவது, எல்லாவற்றுக்கும் மேலே போய் ஒட்டிக்கொண்டது. அடுத்த நொடி அதற்கு ஒரு இதயம் விழுந்தது.

"எவனோ லைக் போட்டுட்டான்டா!"

"நல்லாத்தான் ஆடியிருக்க பங்காளி."

வெளியே மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். ராஜபாண்டி போனைக் கவிழ்த்தான். நல்லகாமன் உள்ளே வந்து, மேசைமேல் கிடந்த சிம் ஊசியைப் பார்த்தார். பிறகு அருள்பாண்டியைப் பார்த்தார்.

"தம்பி, போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

"இப்பத்தான் குடிச்சேன் சார்."

"இன்னொண்ணு குடிங்க."

அவன் போனதும் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார்.

"மறைக்காமச் சொல்லுங்க மாப்ள. வி.பி.என்.தான?"

ராஜபாண்டி கவிழ்த்த போனை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான். "ஆமா மாமா."

"அந்தத் தடை பண்ண வீடியோ ஆப்பு?"

"ஊரடங்குல போட்டது மாமா. பழசு. அழிக்கத்தான் உள்ள போனேன். சத்தியமா வேற ஒண்ணும் இல்ல."

"சிம்மக் கழட்டுனாத்தான் தொறக்குமா?"

"ஆமா மாமா."

"அதான பாத்தேன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார் நல்லகாமன். "நானும் ஒரு வாரமா முட்டிப் பாக்குறேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த தன் போனை எடுத்து மருமகன் பக்கம் நகர்த்தினார். ஷட்டருக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"சோணை பிளைட் ஏறுறதுக்குள்ள என்னோடதையும் அழிச்சுருங்க. மத்ததெல்லாம் கெடந்தாலும் பரவாயில்ல மாப்ள. தலையில பச்சைக் குடம் வச்சுக்கிட்டு நைட்டியில ஒரு பொம்பள ஆடும் பாருங்க, அதுகூட நான் ஜோடி போட்டு ஆடுனத மட்டும் மொதல்ல தூக்கிருங்க. ஒங்க அத்தை பாத்தா என்னைய வீட்டுல சேர்க்க மாட்டா."