மணலிலிருந்து தொடங்கவும்

கந்தோர், விண்ணப்பம், ஒரு பொம்பிளைப் பிள்ளை எண்டு தொடங்கினவுடன, கோப்புத் துலைஞ்ச கதையாக்கும் எண்டு சிரிக்க ஆயத்தமாகியிருப்பியள். கொஞ்சம் பொறுங்கோ. இந்தக் கந்தோரிலை ஒண்டும் துலையேல்லை. எல்லாத்தையும் கவனமா வாசிச்சவை. அதுதான் வில்லங்கம்.

வேலணையிலை சரவணமுத்தரின்ரை மகள் பிரியவதனி ஒரு பெட்டி செய்தாள். தீவுக் கிணறு தெரியும்தானே, மேலை நல்ல தண்ணி, அடியிலை உப்பு. அளவுக்கு மிஞ்சி இறைச்சா உப்பு ஏறி வெங்காயம் கருகிப்போம். உப்பு ஏறத் தொடங்கினவுடன இந்தப் பெட்டி மோட்டரை நிப்பாட்டிப்போடும். ஒழுங்கையிலை பதினொரு தோட்டக் கிணறு, அடியிலை ஒரே தண்ணி. தங்கட கிணத்திலை ஒண்டைப் பூட்டிப்போட்டாள். ஆனா பதினொண்டுக்கும் பூட்டினாத்தான் பிரயோசனம். அதுக்கு அனுமதி வேணும். இந்தமுறையும் வெங்காயம் கருகினா தோட்டத்தையே விடுறதெண்டு தேப்பன் ஒற்றைக்காலிலை நிண்டார்.

மூளை, ஞாபகம், வைஃபை எல்லாம் ஒட்டின தீப்பெட்டியளவு கோர் போர்ட் ஒண்டை ஆயத்தமா வாங்கி, உப்புப் பாக்கிற கம்பியையும் சுவிச்சையும் மட்டும் தானே செய்து பூட்டினபடியா, ரெண்டு வருச வேலை ரெண்டு மாசத்திலை முடிஞ்சுது. அதை ஒளிக்காமல் விண்ணப்பத்திலை எழுதினதுதான் அவள் விட்ட பிழை.

ஊர்காவற்றுறையிலை, தீவகப் புத்தாக்க ஒழுங்கமைப்புப் பிரிவின் பொறுப்பதிகாரி வைத்திலிங்கம் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டார்.

“தங்கச்சி, இந்தப் போர்ட்டிலை கமரா பூட்டலாமோ?”

“பூட்டலாம் சேர். நான் பூட்டேல்லை.”

“பூட்டலாமெண்டா பூட்டினமாதிரித்தான். படம் பிடிக்கத் தனி அனுமதி. பாட்டுப் போடுமோ?”

“ஸ்பீக்கர் குடுத்தாப் போடும்.”

“ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் கடிதம்.”

“கை இருக்கிறவை எல்லாருக்கும் களவு வழக்குப் போடுவியளோ சேர்?”

வைத்திலிங்கம் கோவிக்கேல்லை. “நல்ல கேள்வி,” எண்டு குறிச்சு வைச்சார். “அடுத்த கூட்டத்திலை எடுப்பம்.”

மூண்டு மாசம் பஸ்ஸிலை அலைஞ்சு எல்லாக் கடிதத்தையும் கொண்டுபோய் வைச்சாள். ஒரு தேர்த்திருவிழாவே நடத்தலாம், அவ்வளவு அனுமதி. வைத்திலிங்கம் ஒரு கடதாசியை எடுத்து வாசிச்சார்.

“மேற்படி சாதனம் ஆயத்தப் பலகையைக் கொண்டிருப்பதால் புத்தாக்கமாகக் கருதப்படமாட்டாது. அடிப்படையிலிருந்து தயாரித்துச் சமர்ப்பிக்கவும்.”

“உங்கட சட்டையும் ரெடிமேட்தானே சேர்?”

“ஓம். ஆனா நான் அதைப் புத்தாக்கம் எண்டு சொல்லேல்லையே.”

“சரி. அடிப்படை எண்டா என்ன?”

“மணல். சிப் மணலிலையிருந்துதான் வருது எண்டு தேடிப் பாத்தனான். நீங்கள் அதிலையிருந்து தொடங்குங்கோ.”

“அப்ப மணல் அள்ளுறன்.”

“அள்ளேலாது! அதுக்குப் பெர்மிட் வேணும்.”

இந்த நேரம் பாத்து மேலிடத்திலையிருந்து சுற்றறிக்கை வந்துது: ‘ஸ்மார்ட் தீவு’. ஆண்டு முடியமுந்தி ஒவ்வொரு பிரிவிலையும் ஏதாவது ஒண்டு ஸ்மார்ட்டா இருக்கவேணுமாம். வைத்திலிங்கம் கந்தோர் முழுக்கத் தேடினார். ஒருத்தரும் அகப்படேல்லை. அடுத்த கிழமை ‘ஸ்மார்ட் தீவு’ எண்டு எழுதின பனரோடை சரவணமுத்தரின்ரை கிணத்தடியிலை வந்து நிண்டார். இப்ப அந்தப் போர்ட், ‘அதிநவீன ஒருங்கிணைந்த தொழில்நுட்பம்’.

“அனுமதி தயார்,” எண்டார். “கிணத்துக்காரர் கையெழுத்து வைச்சாச் சரி.”

பத்துக் கிணத்துக்காரரும் கதிரையிலை இருந்து கை தட்டிச்சினம். பேனையை மட்டும் ஒருத்தரும் தொடேல்லை.

பக்கத்துத் தோட்டத்து நிமலன் தொண்டையைச் செருமினார். “முதல் உங்கட கிணத்திலை சரிவரட்டும், தங்கச்சி. பிறகு பூட்டுவம்.”

“என்ன கதை அண்ணை கதைக்கிறியள்? நாலு மாசமா எங்கட கிணத்திலை வேலை செய்யுதே!”

சரவணமுத்தர் வானத்தைப் பாத்தார். மழைக்குணம் ஒண்டும் இல்லை.

ஆட்டைத் தேடி அந்தப் பக்கம் வந்த அயல்வீட்டு யோகம்மாவுக்குப் பொறுக்கேல்லை.

“எங்கை பிள்ளை வேலை செய்யுது? அனுமதி எடுக்க நீ பஸ் ஏறினவுடன உன்ரை அப்பர் பெட்டியின்ரை வயரைக் கழட்டிப்போட்டெல்லே இறைக்கிறவர்! இந்தப் பத்துப் பேரும் உறிஞ்சேக்கை தான் மட்டும் ஏன் நிப்பாட்டவேணுமெண்டு. கிணறு உப்பாகி ஒரு மாசம். பெட்டிக்கும் உனக்கும்தான் தெரியாது!”