பதினான்கு சின்னங்களும் ஒரு வேலியும்

வயோமிங்கில் எங்கள் டிரை ஃபோர்க் பள்ளத்தாக்கில் கரடி உண்டு, ஓநாய் உண்டு, வாலை ஆட்டிச் சத்தம் போடும் விஷப் பாம்பும் உண்டு. இவற்றிடமிருந்து தப்ப வழி இருக்கிறது. கரடியைக் கண்டால் மெல்லப் பின்னால் நடக்கலாம். பாம்பு தெரிந்தால் ஒதுங்கிப் போகலாம். கூட்டுமுயற்சிக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது பாருங்கள், அதனிடமிருந்து மட்டும் தப்ப முடியாது. நீங்கள் அவரைப் பார்ப்பதற்குள் அவர் உங்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்திருப்பார்.

அடையாளம் சொல்கிறேன். கையில்லாத, மெத்தைபோல் உப்பிய மேலங்கி போட்டிருப்பார். அதன் நெஞ்சில் ஏதோ ஒரு சங்கத்தின் சின்னம் தைத்திருக்கும். பூட்ஸில் சேறு இருக்காது. இந்த ஊரில் எல்லோருடைய பிக்கப் வண்டியிலும் மண்வெட்டியும் கம்பி வெட்டும் குறடும் வைக்கோல் குப்பையும் ஒரு நாயும் கிடக்கும். இவர் வண்டியில் சுருட்டிய வரைபடங்கள், மூன்று காலில் நிற்கும் ஓர் எழுதுபலகை, மூன்று நிறத்தில் ஒட்டுச்சீட்டுகள். உங்கள் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் தோள்கொடுத்துத் தள்ளுவார்கள். இவர் இறங்கி வந்து, சேற்றையும் சக்கரத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னும் யார் யாரைச் சேர்க்கலாம்?" என்று கேட்பார்.

எங்களுக்கு வாய்த்தவர் வெண்டல் ஆர்ம்ப்ரஸ்டர். டிரை ஃபோர்க் வனவிலங்கு மற்றும் நிலப்பரப்புக் கூட்டமைப்பின் தலைமை ஒருங்கிணைப்பாளர். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மான்குட்டியைப் பார்த்தால் கண்கலங்கி விடுவார். கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ துரத்தியிருப்போம்.

விஷயம் ஒரு வேலி. நெவா ஹாட்ச்கிஸ் என்ற பண்ணைக்கார அம்மாளின் வேலி. அவருடைய மாமனார் காலத்தில் ஆடுகளுக்காகப் போட்ட கம்பிவலை, அடியில் இடைவெளியே இல்லாமல் தரையைத் தொட்டு நிற்கும். ஆடுகளை விற்று எத்தனையோ வருடமாயிற்று. வலை மட்டும் நிற்கிறது. எங்கள் கவைக்கொம்பு மான் இருக்கிறதே, இந்தக் கண்டத்தில் அதை ஓடி ஜெயிக்க ஒரு பிராணி கிடையாது. ஆனால் வேலியைத் தாண்டாது. இடுப்பளவு வேலி என்றாலும் தாண்டாது. அடியில் இடம் இருந்தால் குனிந்து நுழையும், இல்லாவிட்டால் நின்றுவிடும். நவம்பரில் பனி மேட்டுநிலத்தை மூடுமுன் முந்நூறு மான்கள் கீழே இறங்கி வரும். நெவாவின் வலைக்கு முன்னால் வந்து இப்படியும் அப்படியும் நடக்கும். மூன்று வருடத்துக்கு முன் பனி உருகியபோது வேலியோரம் பதினொன்று செத்துக் கிடந்தன. நெவா ஒவ்வொன்றாகத் தானே இழுத்துப்போய்ப் புதைத்தார். அதைப் பற்றி அவர் பேசமாட்டார்.

வேலிக்கு மறுபக்கம் அரசு நிலம் என்பதால் அவர் அனுமதி கேட்க நில அலுவலகத்துக்குப் போனார். அங்கே நடைவழியில் வெண்டல் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"வலையை அறுத்துட்டு, அடிக்கம்பியைப் பதினாறு அங்குலம் தூக்கிக் கட்டணும், அவ்வளவுதாம்ப்பா," என்றார் நெவா. "நானும் என் குறடும் போதும். ஒரு மத்தியான வேலை."

"அருமை, நெவாம்மா! ஆனா இதை நீங்க தனியா செய்யக்கூடாது."

"ஏன், எனக்கு வயசாயிடுச்சுன்னா?"

"ஐயையோ, அதுக்கில்ல. தனியா செஞ்சா அது வெறும் வேலை. சேர்ந்து செஞ்சா அது முயற்சி."

அவ்வளவுதான். முயற்சி தொடங்கியது. இரண்டு வருடம் ஓடியது.

யார் யார் சேர்ந்தார்கள் என்று கேட்கிறீர்களா? நில அலுவலகம், வனவிலங்குத் துறை, மாட்டுப் பண்ணையாளர் சங்கம், ஒன்றோடொன்று பேசாத இரண்டு வேட்டைக்காரர் சங்கங்கள், ஒரு பல்கலைக்கழகம், ஒரு மீன்பிடிச் சங்கம். வேலியில் மீன் எங்கே வந்தது என்று நானும் கேட்டேன். "நீர்ப்பிடிப்பு" என்றார்கள், அடங்கிவிட்டேன். இப்படியே பதினான்கு. பதினான்காவது யார் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. டிரை ஃபோர்க் சேஜ் கௌதாரி பார்ப்போர் மன்றம்; சேஜ் என்பது இங்கே எங்கும் மண்டிக்கிடக்கும் புதர், கௌதாரி அதில் வாழும். தலைவர் நான், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன். உறுப்பினர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் குளிர்காலம் முழுக்க அரிசோனாவில் இருப்பார். எங்கள் சின்னத்தை என் மனைவி வரைந்தாள். வயிற்றுவலி வந்த வான்கோழி போல இருக்கும், ஆனால் சின்னம் சின்னம்தானே!

கூட்டம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடக்கும். முதலில் அறிமுகம்: பெயர், அமைப்பு, உங்களுக்குப் பிடித்த விலங்கு. இதற்கு நாற்பது நிமிடம். பிறகு தொலைநோக்கு. பிறகு எல்லோரும் மனதில் உள்ளதை ஒட்டுச்சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். நெவா தனக்குக் கொடுத்த பன்னிரண்டு சீட்டிலும் "கம்பியைத் தூக்கு" என்று எழுதினார். வெண்டல் அவற்றைப் பணிவோடு வாங்கி, "பிற யோசனைகள்" என்ற தலைப்பின் கீழ் ஒட்டினார்.

கடைசியில் கட்டைவிரல். இது வெண்டலின் வேதம். சம்மதம் என்றால் விரல் மேலே, மறுப்பென்றால் கீழே, மனசு சரியில்லை என்றால் பக்கவாட்டில். ஒரே ஒரு விரல் பக்கவாட்டில் இருந்தாலும் அந்த மனசு சரியாகும்வரை பேச வேண்டும். பதினாறு அங்குலத்தை மண்ணிலிருந்து அளப்பதா, புல்லின் தலையிலிருந்து அளப்பதா என்பதற்கு மட்டும் ஒரு வசந்தகாலம் போயிற்று.

எப்படியோ இந்த நவம்பரில் பதினான்கு விரல்களும் மேலே நின்றன. முன்னோட்டமாக, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பதினாறு அடி மட்டும் திறக்கலாம். நாங்கள் எல்லோரும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்க, நெவா குனிந்து இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தார்.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பலகை வைக்காமல் எந்தக் கூட்டுமுயற்சியாவது முடிந்ததுண்டா? பதினான்கு சின்னங்களும் ஒரே அளவு, ஒவ்வொன்றும் ஓர் அடி அகலம். இரண்டு வரிசையாகப் போடலாம் என்றபோது கீழ் வரிசைக்குப் போக ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஆகவே ஒரே வரிசை, பலகை பதினான்கு அடி. எங்கள் ஊர்க் காற்று மாட்டுத் தண்ணீர்த் தொட்டியையே உருட்டிக்கொண்டு போகும் என்பதால் பலகையின் அடிப்பாகத்தை மண்ணுக்குள் இறக்கிச் சிமெண்ட் போட்டார்கள். எங்கே? திறந்த இடம்தான் முக்கியமாம், படத்தில் அது தெரிய வேண்டுமாம். ஆக, திறந்த இடத்திலேயே. நாடா வெட்டினோம், கைதட்டினோம், டோனட் சாப்பிட்டோம். ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை முந்நூறு மான்களும் வந்துவிட்டன. வந்து, பலகைக்கு முன்னால் நின்றன; இரு பக்கமும் மிஞ்சிய ஓரடி இடுக்கில் எதுவும் நுழையவில்லை. வியாழக்கிழமை பெரிய பனிப்புயல் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. நெவா தொலைபேசியை எடுத்தார்.

"ஏம்ப்பா வெண்டல், உன் பலகையைப் பிடுங்கு."

"அது என் பலகை இல்லியே நெவாம்மா. பதினாலு பேருக்கும் சொந்தம். நாளைக்கே அவசரக் கூட்டம் போட்டுடறேன்!"

புதன் மத்தியானம் கூடினோம். ஆமாம், அறிமுகத்தோடுதான். பிடித்த விலங்கு என்ன என்று கேட்டதற்கு, "வேலிக்கு அந்தப் பக்கம் நிக்குது பார், அது," என்றார் நெவா. சன்னலுக்கு வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பலகையை வேறிடத்துக்கு மாற்றலாமா? பதின்மூன்று விரல் மேலே போயிற்று. ஒரு விரல் பக்கவாட்டில் நின்றது.

அது என்னுடையது.

என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை. மாற்றும்போது சின்னங்களின் வரிசையைப் புதிதாகச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம் என்று வெண்டல் சொல்லிவிட்டார். எங்கள் வான்கோழி அப்போது இடமிருந்து மூன்றாவதாக, பல்கலைக்கழகத்துக்கும் முன்னால் இருந்தது. என் மனைவி அதைப் படமெடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். முந்நூறு உயிர் ஒரு பக்கம், மூன்றாவது இடம் ஒரு பக்கம், என் விரல் என்னைக் கேட்காமலே சாய்ந்துவிட்டது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"உங்க மனசுல என்ன ஓடுதுன்னு எங்களோட பகிர்ந்துக்கிறீங்களா?" என்று வெண்டல் கனிவோடு கேட்டார். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு பகிரத் தொடங்கினேன். பத்து நிமிடம் பகிர்ந்திருப்பேன். அப்போதுதான் மாட்டுச் சங்கத்துக்காரர் கேட்டார்: "நெவாம்மா எங்க?"

நாற்காலி காலி. வெளியே அவருடைய பிக்கப்பும் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பலகை சேஜ் புதர்களுக்கு நடுவே மல்லாந்து கிடந்தது, சிமெண்ட் கட்டியோடு. நெவா வண்டியின் பின்கொக்கியிலிருந்து சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மான்கள் முழங்காலை மடக்கி, முதுகைத் தாழ்த்தி, கம்பிக்கு அடியில் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து கொண்டிருந்தன. குட்டிகள் வயிறு தேயாமல் சுலபமாக நுழைந்து ஓடின. முதல் பனித்துளி விழுந்தது. பதினான்கு அமைப்புகளும் வேலியோரம் வரிசையாக நின்று பார்த்தோம். வெண்டலின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் மெல்லச் சொன்னார்: "நெவாம்மா, உங்க வண்டியைப் பதினஞ்சாவது பங்குதாரரா சேர்த்துக்கலாமா?"

"வாயை மூடிக்கிட்டு இந்தக் குறடைப் பிடி. கூட்டம் பெருசு, ஒரு வழி பத்தாது. அடுத்த கம்பம் வரைக்கும் வெட்டு."

நில அலுவலகக்காரர் திரும்பி நின்று மேகத்தை ஆராய்ந்தார். வெண்டல் வெட்டினார், நான் வலையை இழுத்துப் பிடித்தேன். கூட்டம் இல்லாமல், சீட்டு இல்லாமல், அரை மணி நேரத்தில் முடிந்தது. இருட்டுவதற்குள் ஒரு மான்கூட மிச்சமில்லாமல் எல்லாம் நுழைந்து போய்விட்டன. இந்த முறை பனி உருகும்போது நெவா யாரையும் புதைக்க வேண்டியிருக்காது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன மாதம் உங்கள் குடியிருப்பில் தண்ணீர்க் குழாய் உடைந்து மாடிப்படி வழியாக ஓடியதே, அப்போது குழாயை மூடுவதற்கு முன் வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கி, அதற்குப் பெயர் வைத்து, படமும் தேடிக்கொண்டிருந்தவர் யார்? அந்தக் குழுவில், "எதற்கும் எல்லோரையும் ஒருமுறை கேட்டுவிடலாம்" என்று எழுதியது யார்? குனிந்து உங்கள் கட்டைவிரலைப் பாருங்கள். அது லேசாகப் பக்கவாட்டில் சாய்ந்திருந்தால், தயவுசெய்து அதைப் பற்றி யாரோடும் கலந்து பேசாதீர்கள். குறடை எடுங்கள்.